கேட்டடியில் ஒரு பின்வாங்கல்

தாமிரபரணிப் பாசனப் பகுதியிலேயே கிளட்ச்சை முறையாகப் பிடிக்கத் தெரிந்தவன் மகேஷ் ஒருவன்தான். இதை அவனே பலமுறை உறுதி செய்திருக்கிறான்.

பைக்கை இரவல் கொடுத்த நண்பன் நடராஜ், "நிறுத்தும்போது கியரை வாய்விட்டு எண்ணிக்கோலே. இல்லன்னா வண்டி கோவிச்சுக்கிடும்" என்றான்.

"நீ என்ன, வண்டிக்கு ஒண்ணாங்கிளாஸ் வாத்தியாராலே?" என்று சிரித்தான் மகேஷ்.

தச்சநல்லூர் தாண்டி ரயில்வே கேட் மூடியிருந்தது. மகேஷ் கிளட்ச்சைப் பிடித்து, வாய் திறக்காமல் நான்கிலிருந்து ஒன்றுக்கு இறக்கி நின்றான். ஒன்றுக்குக் கீழே இல்லாத ஒரு கியருக்கு வண்டி தானாகவே இன்னொரு முறை இறங்கியது. சமதளத்தில் வண்டி பைய பின்னால் நகர்ந்தது. பிரேக்குக்கு மசியவில்லை. பின்னால் முட்டைத் தட்டுகளோடு ஒரு சைக்கிள்.

"ஏலே, முட்டை, முட்டை! பைக்குல எவம்லே ரிவர்ஸ் வச்சது?" என்று கத்தினார் சைக்கிள்காரர்.

மகேஷ் இரு கால்களையும் தரையில் ஊன்றி, யாருக்கும் கேட்காமல் முணுமுணுத்தான்: "நாலு, மூணு, ரெண்டு..."

ஒவ்வொன்றுக்கும் கியர் தானாக 'டக்' என்றது. "ஒண்ணு" என்றதும், முட்டைக்கு ஒரு விரற்கடை முன்னால் வண்டி நின்றது.