கதவில் ஈரத் துண்டு

மூட்டுவலிக்கான புது மருந்தைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் அக்கம்பக்கத்து ஆட்களைச் சேர்த்தபோது டெய்லர் அக்காவும் பெயர் கொடுத்தாள். மாத்திரை ஆரம்பித்த மறுநாளே, அவள் தனியாக இருக்கும் வீட்டில் குளியலறைக் கதவில் ஈரத் துண்டு தொங்கியது. செத்துப்போன புருஷனின் பழக்கம் அது. ஆயுசுக்கும் சண்டை போட்டும் திருந்தவில்லை. இப்போது துண்டு மறுபடி தினமும் தொங்கியது. அக்கா அதில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

“பக்க விளைவு ஏதாவது இருக்காக்கா?” என்று நர்ஸ் கேட்கும்போதெல்லாம், “ஒண்ணுமில்லம்மா” என்பாள். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்களே.

சோதனை முடிந்த அன்று நர்ஸ் சொன்னாள்: “ஒப்பிட்டுப் பாக்குறதுக்காகப் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைக்கா. உங்களுக்கும் அதுதான்.”

வலிக்கும் மூட்டோடு வீட்டுக்கு ஓடினாள். கதவில் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

“எத்தனை தடவை சொல்றது, கொடியில போடுங்கன்னு?” வாய் நிறையத் திட்டிவிட்டுப் பையை வைத்துத் திரும்பினாள்.

துண்டு கொடியில் விரித்துக் கிடந்தது.