சின்ன மாப்பிள்ளையின் மெஷின்

வேனுக்குள் உட்கார்ந்தபடியே பெரிய மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். சின்ன மாப்பிள்ளை எதையோ அவசரமாக ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் சட்டென்று மூடிவிட்டான். திருட்டு முழி வேறு.

அக்காளையும் தங்கையையும் கட்டிய சகலைகள் இருவரும். மாமனார் வீட்டுப் பட்டப்பெயர்களே வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்திலும் ஒட்டிக்கொண்டன. காற்றில் இருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சிப் பிடிக்கும் மெஷினை ஆளுக்கொன்றாகச் செய்து, காம்பவுண்டின் இரண்டு மூலைகளில் நிறுத்தியிருந்தார்கள். ஒரே மாதம் போட்டி. எது அதிகம் பிடிக்கிறதோ, அதுதான் புதிதாக வரப்போகும் பெரிய தொழிற்சாலைக்குப் போகும்.

பெரியவருக்கு அது ஒன்பது வருட உழைப்பு. சின்னவன் வேலைக்கு வந்தே மூன்று வருடம்தான். ஆனால் முதல் வாரம் முழுக்க அவன் மெஷின் தினமும் இரண்டு கிலோ கூடுதலாகப் பிடித்துத் தொலைத்தது. வீட்டிலாவது நிம்மதி உண்டா? தங்கச்சி வீட்டுக்காரர் பெரிய மூளைக்காரராமே என்று மனைவி சாப்பாடு போடும்போதே ஆரம்பித்துவிடுவாள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சின்னவன் ஏதாவது தில்லுமுல்லு செய்வான் என்று போட்டி தொடங்கும் முன்பே அவருக்கு ஒரு நினைப்பு. அதனால் முதல் நாள் தொட்டே காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அவன் மெஷினை ஒட்டி வேனை நிறுத்திக் காவல் காத்தார். அது அரதப் பழசான டீசல் வேன். அணைத்துவிட்டால் மறுபடி கிளப்ப நாலு பேர் தள்ள வேண்டும் என்பதால் ஓடவிட்டபடியேதான் உட்கார்ந்திருப்பார். நடுவில் நாலு நாள் காய்ச்சலில் படுத்தபோதுகூட, இந்நேரம் அந்தப் பயல் என்ன செய்கிறானோ என்றுதான் புலம்பினார்.

மாதம் முடிந்தது. சின்னவன்தான் முன்னால். பெரிய மாப்பிள்ளை பொறுக்க மாட்டாமல், என் சகலை மோசடிக்காரன், அவனை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு டைரக்டர் அம்மாவிடம் நீட்டினார். சின்னவனும் அதே அறையில்தான் நின்றுகொண்டிருந்தான்.

“அவன் நோட்டை வாங்கிப் பாருங்க மேடம். வண்டவாளம் தெரியும்.”

நோட்டு ஏற்கெனவே தன் மேஜையில்தான் இருக்கிறது என்றார் அந்த அம்மா. தன் மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று சின்ன மாப்பிள்ளையே காலையில் கொண்டுவந்து கொடுத்தானாம். பிரித்துக் காட்டினார். இரண்டு மெஷின்களின் தினக் கணக்கில் நாலே நாலு தேதிகளைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். அந்த நாலு நாளும் பெரியவருடைய மெஷின்தான் முன்னால்.

பெரிய மாப்பிள்ளை நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். தேதிகளை இரண்டு தரம் பார்த்தார்.

“நான் காய்ச்சல்ல படுத்திருந்த நாள்ல மட்டும் என் மெஷின் எப்படிடா ஜெயிச்சுது?”

சின்ன மாப்பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, மெல்லச் சொன்னான்.

“மத்த நாளெல்லாம் என் மெஷின் பிடிச்சது உங்க வேன் புகையைண்ணே.”