துடுப்புக்காரன் வீடு

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில், சூளையிலிருந்து இறக்கிய குட்டி வீடுகள் பலகை நிறைய வெயிலில் மின்னுகின்றன. நாளைக்கு நார்வேக்காரர் வந்து பார்க்கப்போகிற சரக்கு. வாசுகி ஒவ்வொரு சுவருக்கும் சிவப்பு அடிக்கிறாள். பக்கத்தில் நின்று முதலாளி திருமால் கதை சொல்கிறார். "இதுக்கு அவங்க ஊர்ல ரூர்பூன்னு பேரு. ரூர்னா துடுப்புப் போட்டு மீன் புடிக்கப் போறது, பூன்னா குடியிருக்கிற எடம். ரெண்டையும் சேத்துக் கட்டுன வார்த்த. இந்த வீடுங்க வர்றதுக்கு முந்தி மீன் புடிக்கிறவங்க, பாவம், கவுத்துப்போட்ட படகுக்கு அடியிலதான் படுத்துக் கெடந்தாங்களாம். ஒழைக்கிறவனுக்கு ஒரு கூரை வேணாமா?" வெளியே தடாலென்று தகரம் விழுகிறது. மதிலோரம் ஒன்பது வருஷமாக அவள் குடியிருக்கும் கொட்டகை. வெள்ளைக்காரர் கண்ணில் படக்கூடாதென்று ஆள் வைத்துப் பிரிக்கிறார்கள். அடுத்த தகரம் விழும்போது அவள் திரும்பிப் பார்க்க, பிரஷ் விலகிச் சிவப்பு கூரைமேல் வழிகிறது. "மொதலாளி, அடுப்புல சோறு வேவுதுங்க. பானையையாச்சும் எறக்கி வச்சுட்டு ஓடியாந்துடறேன்." "அத அவங்க எறக்குவாங்க." வழிந்த சிவப்பை அவர் கட்டைவிரலால் வழித்து, அவள் முந்தானையிலேயே நிதானமாகத் துடைத்துக்கொள்கிறார். "ஜன்னலுக்கு மட்டும் மஞ்சள் அடி, வாசுகி. உள்ள வெளக்கேத்தி ஆளு குடியிருக்கிற மாதிரி தெரியணும்."