சாயாத கார்பன்

ஒரு சோடா பாட்டிலுக்குள் கார்பன் ஒன்று இருந்தது. அதன் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு ஆக்சிஜன். பொதுவில் வைத்திருந்த எலக்ட்ரான்களை இரண்டும் தங்கள் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தன.

அருகிலிருந்த தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன். அதற்கும் ஆக்சிஜனோடுதான் வாழ்க்கை. "எங்க எலக்ட்ரானை எப்பவும் அவர் பக்கமே வெச்சுக்கிறார்" என்று அது புலம்பியதும், அடுத்த வீட்டுத் தண்ணீரின் ஆக்சிஜன் நெருங்கிவந்து அதைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் முழுக்க இப்படித்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தது.

"உங்களுக்கென்ன அக்கா, எந்தப் பக்கமும் சாயாம நேரா இருக்கீங்க" என்றது ஹைட்ரஜன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்கிறாங்க. அதான் சாயல" என்றது கார்பன். என்னையும் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன் என்று கேட்க நினைத்தது. அதற்குள் ஹைட்ரஜன் மறுபடி தன் கதையை ஆரம்பித்துவிட்டது.

யாரோ மூடியைத் திறந்தார்கள். தண்ணீர் தண்ணீரை இறுக்கிக்கொண்டது. கார்பனை யாரும் பிடிக்கவில்லை. அது தன் ஆக்சிஜன்களோடு குமிழிக்குள் சேர்ந்து மேலே போனது.

கீழேயிருந்து ஹைட்ரஜன் ஏக்கத்தோடு பார்த்தது.

"கொடுத்துவெச்சவங்க அக்கா நீங்க. பிடிச்சு நிறுத்த ஒருத்தரும் இல்ல."