முள்ளம்பன்றியின் அழைப்பு

“பல்கலைக்கழகத்தில் சிரித்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் ராகிங் செய்யக் காத்திருக்கும் சீனியர்கள்” என்று, அந்தப் பக்கமே போயிராத நரி முயலுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது.

அதனால், “சாப்பிடப் போகலாமா?” என்று விடுதியில் அடுத்த அறை முள்ளம்பன்றி சிரித்தபடி கேட்டபோதெல்லாம், “பசியில்லை” என்று முயல் கதவைச் சாத்திக்கொண்டது.

நான்காம் நாள், முள்ளம்பன்றியின் குட்டை உடைத்துவிடலாம் என்று முயல் அதன் பின்னாலேயே ஒளிந்து போனது. முள்ளம்பன்றி மெஸ்ஸின் கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்து, தட்டைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தது.

முயல் எதிரே போய் நின்றது. “என்ன நாடகம் இது? நீங்க சீனியர்தானே?”

“ஐயோ, நானும் முதல் வருஷம்தான். நீங்க முகங்கொடுத்தே பேசலையா, உங்களைத்தான் சீனியர்னு நினைச்சேன்.”

முயல் ஒரு தட்டில் சோறு வாங்கி வந்தது. முள் குத்தாத அளவுக்கு இடம் விட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தது.