ஒரு முழச் சூடு

தார் ஆலையில், தார் இறுகாமல் குழாயைச் சூடேற்றும் மின்பட்டை எரிந்துபோயிருந்தது. அதை மாற்ற வந்த எலக்ட்ரீஷியன் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் குழாயைத் தடவிப் பார்த்தார். எங்கும் ஜில்லென்றிருந்தது. போன மாதம் அவருடைய தம்பி ஷாக்கடித்துச் செத்த இடத்தில் மட்டும் ஒரு முழத்துக்குச் சூடு. வெப்பமானி முப்பத்தேழு டிகிரி காட்டியது; உயிருள்ள உடம்பின் சூடு.

"கரண்டே இல்ல, எப்படிய்யா சுடுது?" என்றார் ஃபோர்மேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தாறாக இறங்கியது. எலக்ட்ரீஷியன் அவசர அவசரமாகப் புதுப்பட்டையைக் குழாய் நெடுகச் சுற்றினார். அந்த இடத்தில் மட்டும் இரட்டையாகச் சுற்றி ஸ்விட்சைப் போட்டார். மற்ற இடமெல்லாம் கொதித்தது. அந்த ஒரு முழம் ஆறிக்கொண்டே போனது.

"டேய் தம்பி, போயிடாதடா!"

சட்டையைக் கழற்றிப் போர்த்தி, குழாயை இறுகக் கட்டிக்கொண்டார்.

"விடுய்யா, பக்கத்துச் சூட்டுல கை வேகுது!" என்று ஃபோர்மேன் இழுத்தார். எலக்ட்ரீஷியன் விடவில்லை.

அணைப்புக்குள் குழாய் குளிரில் நடுங்கியது.