டேங்குக்குள் கேட்ட சத்தம்

மகன் செல்வினை அடக்கம் செய்த நாளிலிருந்து லூர்துசாமி பைக்கைத் தொடவில்லை. பெட்ரோல் டேங்க் உள்ளே துருவேறிக் கிடந்தது. இன்றுதான் அதைக் கழற்றி, மெக்கானிக் மீரான் சொன்னபடியே வினிகரை ஊற்றி, ஒரு கைப்பிடி பழைய நட்டுகளைப் போட்டு, மூடியை இறுக்கி, டேங்கை மடியில் வைத்துக் குலுக்கினார். பைக்கில் போகும்போது செல்வின் உட்கார்ந்து வந்த இடம் அந்த டேங்க்தான். வேகத்தடை வரும்போதெல்லாம் குனிந்து டேங்கில் காதை வைத்து, "அப்பா, உள்ள யாரோ இருக்காங்க" என்று சிரிப்பான்.

"பெட்ரோல் தளும்புதுடா. நிமிந்து உக்காரு" என்பார் இவர்.

கை ஓய்ந்ததும் டேங்கைத் தட்டின் மேல் கவிழ்த்தார். துரு செம்மண் குழம்பாக வழிந்தது. நட்டுகள் விழுந்தன. அவற்றோடு, அவர் போடாத ஒரு கோலிக்குண்டும் விழுந்தது. கழுவிப் பார்த்தார். பச்சைக் கண்ணாடி அப்படியே இருந்தது.

"போட்டதெல்லாம் வந்துருச்சாங்க?" என்று சமையலறையிலிருந்து மனைவி பிலோமினா கேட்டாள்.

"வந்துருச்சு."

கோலியை வேட்டியில் துடைத்து, திரும்ப உள்ளே போட்டு மூடியைத் திருகினார். டேங்கைத் தூக்கிக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தபோது பிலோமினா வாசலுக்கு வந்திருந்தாள்.

"உள்ள இன்னும் ஏதோ உருளுதே."

"பெட்ரோல் தளும்புது" என்றார் லூர்துசாமி. டேங்கில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை.